ஆசிரியரை ஆக்கிய நாவலர்

ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்றிடத்தில் நின்றுவிடுவர். கண்டனம் ஒன்று, ஏடுகளைப் பரிசோதித்து அச்சேற்றியது ஒன்று, வசனநடை ஒன்று. பரீட்சைக்கு எழுதும் மாணாக்கரும் இம்மூன்றையுமே வரிசையாக எழுதி முடிப்பர். நாவலரோ இருபது வயது நிரம்புமுன் ஆசிரியராய்ப் பள்ளியினுள் நுழைந்தவர். அதன்பின் ஆயுள் முடியுமட்டும் பள்ளியின் நினைவை விட்டவரல்லர். அவருடைய அச்சும் வசனமும் பெரும்பகுதி பள்ளியின் தேவையிலிருந்தே பிறந்தன. ஆதலின் அவரை ஈண்டு ஆசிரியராகவும், அதற்கும் மேலாக ஆசிரியர்களை ஆக்கிய ஆசிரியராகவும் வைத்துப் பார்ப்போம்.

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி நாவலர் பிறந்தார். தந்தையார் நாடகம் பாடவல்லவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே அவர் காலமானார். அவர் பாதியில் விட்ட நாடகம் ஒன்றைச் சிறுவன் பாடி முடித்தான் என்றும், அதைக் கண்ட தமையன்மார் வியந்து அவனைப் பெரும் புலவர்களிடம் படிக்க அனுப்பினர் என்றும் வரலாறு சொல்லும். சுப்பிரமணியபிள்ளையிடம் தொடங்கிய படிப்பு, சரவணமுத்துப் புலவரிடத்தும், இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வியின் உச்சியில் இருந்தவர்கள் இவ்விருவரும்.

அந்தப் பழைய கல்வியை இன்று நாம் ஒருவாறு மறந்துவிட்டோம். பிள்ளை மணலில் விரல் வைத்து எழுத்துப் படிக்கும். பின்னர் ஏடு வரும். ஏட்டில் உள்ளது செய்யுள். நீதிநூல், நிகண்டு, அந்தாதி என்று செய்யுளின்மேற் செய்யுளாக நெட்டுருப் பண்ண வேண்டும். பொருள் பின்னால் வரும். சிலருக்கு வரும், பலருக்கு வாராது. வகுப்பு என்பதில்லை. ஒவ்வொருவனும் ஒவ்வொரு பாட்டில் நிற்பான். முதிர்ந்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த முறையில் வந்த புலமைக்கு ஆழம் உண்டு. ஆனால் அது கிட்டியவர் தொகை மிகச் சிறிது. நினைவுவலி இல்லாத பிள்ளை திண்ணையிலேயே நின்றுவிடும்.

மறுபுறத்தில் மிசன் பள்ளிகள் இருந்தன. வெஸ்லியன் சங்கத்தார் 1814இலும், அமெரிக்கர் 1816இலும், இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தார் 1818இலும் குடாநாட்டில் வேலை தொடங்கிவிட்டனர். வட்டுக்கோட்டையில் 1823இல் ஒரு செமினரி எழுந்தது. அச்சிட்ட புத்தகம், வகுப்புப் பிரிவு, நேர அட்டவணை, வினாவிடை, பரீட்சை என்பன அங்கே இருந்தன. படித்தவனுக்கு உத்தியோகமும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே சென்றதில் வியப்பில்லை.

சென்ற பிள்ளைக்கு நேர்ந்தது என்ன? காலையில் வீட்டில் தாய் நீறு பூசி விடுகிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறான். திண்ணையிலே பாட்டன் புராணம் படிக்கப் பயன் கேட்கிறான். பள்ளிக்கு வந்தால் இவையெல்லாம் அஞ்ஞானம் என்ற பாடம் நடக்கிறது. எழுத்தும் கணக்கும் பூகோளமும் அந்தப் பாடத்தோடு சேர்த்தே கிடைக்கின்றன. ஒன்றைக் கொள்ள மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். மதம் மாறியவர் சிலர், மாறாதவர் பலர். மாறாதவனுக்கும் ஒரு நட்டம் இருந்தது. தன் வீட்டிலுள்ளது படிப்புக்கு ஆகாதது என்ற எண்ணம் அவனுள் இறங்கிவிட்டது. இக்காலத்து ஆசிரிய கலாசாலைகளில் மாணவனின் பண்பாட்டுக்கு இயையக் கற்பித்தல் என்று ஒரு பாடம் உண்டு. அப்பெயர் இல்லாத நாளில் அந்த நோயை நேரிற் கண்டவர் நாவலர்.

நேரிற் கண்டவர் என்றதற்குக் காரணம், அவரே அப்பள்ளியில் இருந்தார் என்பது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மத்திய பாடசாலையில் ஆங்கிலங் கற்று, 1841 அளவில் அங்கேயே ஆசிரியரானார். மேல் வகுப்புக்குத் தமிழும் கீழ் வகுப்புக்கு ஆங்கிலமும் கற்பித்தார். பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் இருந்தார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கும் பெரும்பணியில் ஈடுபட்டிருந்தார். அதற்கு நாவலர் துணை நின்றார். சைவாசாரத்தில் ஓர் அணுவும் பிசகாத இளைஞர் ஒருவர் ஆண்டுக்கணக்காக விவிலியத்தின் சொல்லைச் சொல்லாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி சாமானியமானதன்று. பேர்சிவலும் சாமானியரல்லர். பண்டிதரின் சமயத்தை அவர் தொடவில்லை; பண்டிதரும் பாதிரியாரிடம் கற்கவேண்டியதைக் கல்லாது விடவில்லை. வகுப்பை எப்படிப் பிரிப்பது, ஒரு பொருளை ஒரு வாக்கியத்துள் எப்படி அடக்குவது, கேள்வி கேட்டு மாணவனை எப்படி எழுப்புவது, கூட்டத்தின் முன் நின்று எப்படிப் பேசுவது என்பனவற்றை அவர் அங்கே கண்டார். இருபது வயதில் இப்படி ஒரு பட்டறை கிடைத்தது அவர் பாக்கியம், நமது பாக்கியமுமாம்.

மிசன் பள்ளியிற் சம்பளம் வாங்கிய அந்நாளிலேயே, காலையிலும் இரவிலும் தம் இருப்பிடத்திற்குச் சில பிள்ளைகளை வரவழைத்துச் சம்பளமின்றிப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். இலக்கணம், இலக்கியம், சைவம் மூன்றும் அங்கே நடந்தன. இதைச் சரித்திரக்காரர் ஒரு வரியிற் சொல்லிப் போவர். எனக்கு நாவலர் சரித்திரத்தில் முதன்மையாகத் தோன்றும் வரி இதுதான். பள்ளிக்கட்டடம் இல்லை, பணம் இல்லை, புத்தகம் இல்லை. ஆசிரியராகப் போகிறவர்கள் மாத்திரம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். பின்னாளிற் சங்கம் வைத்துப் பள்ளி தொடங்கிய நம்மவர் பலர் கட்டடத்துக்கு அத்திவாரம் போட்டுவிட்டு ஆசிரியரைத் தேடினர். நாவலர் ஆசிரியரை அத்திவாரமாகப் போட்டார்.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நடந்தது. தொடர்ந்து வெள்ளிதோறும் நடந்தது. நண்பர் கார்த்திகேயையரும் அவரும் மாறிமாறிப் பேசினர். புராணப் படனமும் பயன் சொல்லுதலும் நம்முடையன. ஒரு பொருளை எடுத்து, கேட்போரை நோக்கி, வசனத்தில், ஒழுங்காக விரித்துரைக்கும் பிரசங்கம் பாதிரிமாரின் முறை. அந்த முறையை அவர் கோயிலுக்குள் கொண்டுவந்தார். எதிரியின் படைக்கலம் என்று அதை ஒதுக்கவில்லை. அன்று அங்கே கூடியவர்கள் தாய்தந்தையர். பிள்ளைக்குப் பள்ளி வைக்குமுன் பெற்றோருக்குப் பள்ளி நடந்தது என்று இதைக் கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. மிசன் உத்தியோகத்தை நாவலர் விட்டார். பேர்சிவல் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பினார் என்பர், நாவலர் இசையவில்லை. பிரமசரிய வாழ்க்கை என்பதால் குடும்பச் சுமை இல்லை, வருமானமும் இல்லை. இரவுப் பாடங் கேட்ட மாணாக்கரே பகலில் ஆசிரியராயினர். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. அரசாங்கத்தின் உதவி மிசன் பள்ளிகளுக்குச் சென்றது. இப்பள்ளி பல ஆண்டுகள் அவ்வுதவியின்றியே நடந்தது. ஊரவர் கொடுத்ததும் புத்தகம் விற்று வந்ததுமே முதல்.

புத்தகம் வேண்டும் என்றால் அச்சியந்திரம் வேண்டும். அதை வாங்க 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு நாவலர் என்ற பட்டத்தை அளித்தது அப்பயணத்திலேதான். பட்டத்தை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். போன காரியம் யந்திரம். சூடாமணி நிகண்டை உரையுடன் சென்னையில் அச்சிட்டு, யந்திரத்துடன் திரும்பி, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பெயரைக் கவனிக்க: வித்தியையைப் பேணுதல் என்பது அதன் பொருள்.

1850 முதல் பாலபாடங்கள் வந்தன. இவற்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எழுத்து, சிறு சொல், சிறு வாக்கியம், பெரிய வாக்கியம் என்று படிப்படியாக ஏறுகிறது பாடம். மேற்புத்தகங்களில் கொலை, களவு, பொய், கள்ளுண்ணல், செய்ந்நன்றி, கல்வி, தருமம் என்று ஒவ்வொரு பொருள்மேலும் தெளிந்த வசனம் அமைகிறது. படிமுறை மிசன் வாசகத்தின் படிமுறை. அதனுள் இருக்கும் உலகம் பிள்ளையின் வீட்டுலகம். திண்ணைப் பள்ளியில் பிள்ளை பொருள் விளங்காத செய்யுளிலிருந்து தொடங்கிற்று. மிசன் பள்ளியில் விளங்கும் வசனத்தில் அந்நியமான பொருளைப் படித்தது. விளங்கும் வசனத்தில் தன்னுடைய பொருளைப் படிக்கும் வாய்ப்பு பாலபாடத்தாலேயே அதற்குக் கிடைத்தது. பிற்காலத்தார் சிலர் பாலபாடத்தின் நீதிகள் கடுமையானவை, சிறுபிள்ளைக்கு விளையாட்டும் வேண்டும் என்று குறை சொல்வர். அக்குறையை மறுக்க வேண்டியதில்லை. நாவலருக்கு விளையாட்டில் நாட்டம் இருந்ததாக யாரும் எழுதவில்லை.

வினாவிடை நூல்களும் இத்தகையனவே. கேள்வியும் மறுமொழியுமாகச் சமயம் போதிப்பது பாதிரிமார் பள்ளியில் வழக்கம். சைவ வினாவிடை அந்த அச்சில் வார்த்த சைவம். இலக்கண வினாவிடையும் அவ்வாறே வந்தது. சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு, கட்டுரை வசனத்தில் பெரியபுராணத்தை 1852இல் வெளியிட்டபோது, கற்றவரும் கல்லாதவரும் ஆடவரும் பெண்டிரும் எளிதில் வாசிக்க வேண்டும் என்ற நோக்கத்தை அவர் வெளிப்படையாகவே தெரிவித்தார். சேக்கிழாரின் விருத்தங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய மாற்றம். புலவர் சிலர் முகஞ் சுளித்திருப்பர்.

இனி ஆசிரியரை ஆக்கிய திறத்துக்கு வருவோம். இக்காலத்தில் ஆசிரிய ஆலோசகர் என்று ஒரு பதவி உண்டு. அவர் வகுப்புக்கு வந்து பின்வாங்கில் இருந்து பாடத்தைப் பார்த்து, பின்னர் ஆசிரியரைத் தனியே அழைத்து, இவ்விடத்தில் இப்படிக் கேட்டிருக்கலாம் என்று சொல்லித் திருத்துவார். நல்ல ஆலோசகர் வாய்த்த ஆசிரியன் புண்ணியவான். குறிப்புப் புத்தகத்தில் ஒப்பமிட்டுத் தேநீர் அருந்திப் போகிறவரும் உளர். அவர் கதை நமக்கு வேண்டா. நாவலரின் முறை இதனோடு ஒப்பிடத் தக்கது. அவரிடம் படித்தவர் அவருடைய பள்ளியிலேயே, அவர் கண்முன்னேயே கற்பித்தனர். கற்பித்தபின் மீண்டும் அவரிடமே பாடங் கேட்டனர். கற்றலும் கற்பித்தலும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடந்தன. பழைய திண்ணையில் முதிர்ந்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்த வழக்கத்தை அவர் தள்ளவில்லை. வகுப்பும் புத்தகமும் கொடுத்து அதை ஒழுங்குபடுத்தினார்.

தாம் அருகில் இல்லாத இடத்து ஆசிரியனுக்கு என்ன செய்வது? இதற்கும் அவர் ஒரு வழி கண்டார். இலக்கணச் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பகுதி முடிந்ததும் தேர்வு வினாக்கள் நிற்கின்றன. சொல்லிய விதி எதுவோ அதை மட்டும், சொல்லிய ஒழுங்கிலே, சிறு சிறு கேள்வியாக அவ்வினாக்கள் கேட்கின்றன. மாணவனுக்குப் பயிற்சி என்று நாம் அவற்றைத் தாண்டிப் போகிறோம். உண்மையில் அவை ஆசிரியனுக்கும் பயிற்சி. எதை முதலிற் கேட்க வேண்டும், ஒரு கேள்வியில் எவ்வளவு கேட்க வேண்டும், எங்கே நிறுத்தி மாணவனுக்கு விளங்கிற்றா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே கிடக்கின்றன. நன்னூலை மனனம் பண்ணியிருந்தும் கேள்வி கேட்கத் தெரியாத கிராமத்து ஆசிரியன் ஒருவன் அப்புத்தகத்தைக் கையிற் பிடித்தால், நாவலரே பின்வாங்கில் வந்து இருந்ததற்கு ஒப்பாகும். தமிழ்ப்புலமை என்ற சிறு கட்டுரையிலும் எந்த நூலுக்குப்பின் எந்த நூல் கற்பது என்று நிரல்படச் சொல்லிவைத்தார். இலங்கைப் பூமிசாஸ்திரமும் அவர் எழுதியதே. புலவர் ஒருவர் பூகோளப் பாடம் எழுத உட்கார்ந்தார் என்றால், பள்ளியின் தேவை எவ்வளவு தூரம் அவரை இழுத்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வாறு ஆளானவர் பலர். சதாசிவப்பிள்ளை, மருகர் பொன்னம்பலபிள்ளை, சபாபதி நாவலர், செந்திநாதையர், கைலாசபிள்ளை என்று பெயர்கள் நீளும். பொன்னம்பலபிள்ளை வித்துவசிரோமணி என்றே அழைக்கப்பட்டார். அவரிடம் பாடங் கேட்டவர்கள் ஒரு தலைமுறை. யாழ்ப்பாணத்துப் பண்டிதர் பலர் தம் ஆசிரியரின் ஆசிரியர் யார் என்று எண்ணிக்கொண்டு மேலே போனால் சில படிகளில் வண்ணார்பண்ணைக்கு வந்து சேர்வர்.

சென்னையிலும் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தாபித்தார். அதற்காக ஆண்டுகள் பலவற்றை அங்கே செலவிட்டார். அக்காலத்துச் சண்டைகளும் வழக்குகளும் ஊரறிந்தவை. நம் பொருளுக்கு அவை வேண்டா. 1870இல் யாழ்ப்பாணத்திற்கே திரும்பிவிட்டார். கோப்பாய் முதலிய ஊர்களிலும் சைவப் பள்ளிகள் எழுந்தன.

ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப் பிள்ளை என் செய்வது? அதற்கு மிசன் வாயிலன்றி வேறு வாயில் இருக்கவில்லை. 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். நோக்கம் சரியானது, பணம் போதவில்லை. தமிழ்ப் பள்ளியைத் தம் மாணாக்கரைக் கொண்டே நடத்திவிட்டார். ஆங்கிலம் கற்பிக்க வல்லவர் அவர் கையில் ஆக்கப்பட்டவரல்லர். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. அவர் விரும்பிய காரியம் 1890இல், சைவபரிபாலன சபையார் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை நிறுவியபோதே நிலைபெற்றது.

இங்கே மற்றொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அவருக்குப் பெருமை சேர்ப்பதாகச் சிலர் நினைக்கின்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளையின் வீட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் நாவலர். எந்த வீடு? சாதியாசாரத்தை அவர் சைவாசாரத்தின் பகுதியாகவே கொண்டார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளி வாயில் திறக்கவில்லை. அப்பிள்ளைகளின் வீட்டிலும் முருகன் இருந்தான், திருநீறு இருந்தது, பாட்டும் கதையும் இருந்தன. அவ்வீடுகள் அவர் கண்ணில் பள்ளிக்குரிய வீடுகளாகப் படவில்லை. காலத்தின் குறை என்று சொல்லித் தப்பிக்க இயலாது. அதே காலத்தில் பாதிரிமாரிற் சிலர், தம் சமயநோக்கம் பற்றியேனும், அக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தனர். தாய்தந்தையர் பூசிய நீற்றைப் பள்ளியில் இழிவாகச் சொன்னால் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று உணர்ந்தவர், வாயிலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளையின் நெஞ்சை எண்ணவில்லை. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, 1930ஐ ஒட்டிய காலத்தில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்தவேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பிற்று. பள்ளிக் கொட்டில்கள் சில எரியூட்டப்பட்டன. எரித்தவர் கையில் நாவலரின் புத்தகம் இருந்தது என்று சொல்வது அநியாயம். அவருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதும் உண்மையாகாது.

கடைசி ஆண்டுகள் உழைப்பிலேயே கழிந்தன. 1877ஐ அடுத்துப் பஞ்சமும் வாந்திபேதியும் குடாநாட்டை வருத்தியபோது பணந் திரட்டிக் கஞ்சி வார்ப்பித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லவேண்டும் என்று கூட்டங்கூட்டிப் பேசினார். அவ்வாண்டு டிசெம்பர் 5ஆந் திகதி வண்ணார்பண்ணையில் சிவபதமடைந்தார். 57 வயது நிரம்பச் சில நாட்களே இருந்தன. கார்த்திகை மகத்தில் அவருடைய குருபூசை நடந்து வருகிறது.

பேர்சிவல் பாதிரியார் அதற்கு முன்பே வெஸ்லியன் சங்கத்தை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து, தினவர்த்தமானி என்ற பத்திரிகையையும் நடத்தினார். தம் பண்டிதர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1882இல், அவரும் இறந்தார். வண்ணார்பண்ணை வித்தியாசாலையையும் அச்சியந்திரசாலையையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார். யந்திரம் வாங்கப் போனபோது உடன் சென்றவர் அவர். பாலபாடம் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது.